லோங் ஆர்ம் குவில்ட் மெஷினின் சில்லுகள்: கொழும்பில் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுத் தையல் மெஷினில் துணி நகரும். குவில்ட், அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கிற லோங் ஆர்மில் துணி சட்டத்தில் சுற்றி இறுகிக் கிடக்க, மெஷின் அதன் மேல் ஓடும். இது மனதில் ஏறச் சற்று நாளாகும். கோடு நெளிந்தால் முதலில் நூல் இறுக்கத்தைத் திருகுவார்கள், அப்புறம் ஊசியை மாற்றுவார்கள், அப்புறம் மோட்டர் பழுதோ என்று கவலைப்படுவார்கள். இத்தனை பாரத்தையும் சுமந்து உருளும் சில்லுகளைக் கடைசியில்தான் குனிந்து பார்ப்பார்கள். முதலில் பார்க்கவேண்டியவையே அவைதான். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இந்த மெஷின் வைத்துத் தைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை சில்லு? எங்கெங்கே இருக்கின்றன?

பெரும்பாலான மெஷின்களில் இரண்டு அடுக்கு உண்டு. மேசையின் நீளத்துக்கு இரண்டு தண்டவாளங்கள் ஓடும். அவற்றின் மேல் கேரியேஜ் என்கிற நடு வண்டி இடம் வலமாகப் போகும். அந்த வண்டியின் முதுகில் இன்னும் இரண்டு தண்டவாளங்கள். அவற்றில் மெஷின் தலை, அதாவது ஊசி உள்ள தையல் பகுதி, முன்னும் பின்னும் போகும். வண்டிக்கு நான்கு, தலைக்கு நான்கு என்று எட்டுச் சில்லுகளாவது இருக்கும். தண்டவாளத்தை அடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ பிடிக்கிற கூடுதல் சில்லுகளும் சில மாடல்களில் உண்டு. இடம் வலமாகவோ முன் பின்னாகவோ நேர்கோடு தைக்கும்போது ஒரு அடுக்கு மட்டும் வேலை செய்யும். வட்டம், வளைவு, சாய்கோடு என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் உருளவேண்டும். அதனால்தான் சில்லுக் கோளாறு வட்டத்தில் முதலில் தெரிகிறது.

இன்றைக்கே ஒன்று செய்துவிடுங்கள்: ஒவ்வொரு சில்லுக்கும் மார்க்கரால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

கோளாறு சில்லில்தான் என்று எப்படி நிச்சயப்படுத்துவது?

நூலைக் கழற்றுங்கள், ஊசியை மேலே நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். இனிக் கைபிடியை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, தலையை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிறகு இடம் வலம். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது, கைக்கு நன்றாகத் தெரியும். எங்காவது 'டொக்' என்று ஒரு இடறல் வந்தால் நிறுத்தி, அந்த இடத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மேலும் தள்ளுங்கள், அடுத்த இடறலிலும் டேப் ஒட்டுங்கள்.

டேப் துண்டுகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். எத்தனை தரம் ஓட்டினாலும் அதே ஒரு இடத்தில்தான் இடறுகிறது என்றால் சில்லைத் தொடவேண்டாம். அந்த இடத்தில் தண்டவாளத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அல்லது நசுங்கியிருக்கிறது. சம தூரத்தில் இடறல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது சில்லு. ஒரு சுற்றுக்கு ஒருமுறை அந்தப் பழுதான இடம் தண்டவாளத்தை மிதிக்கிறது. சில்லின் விட்டம் 4 சென்ரிமீற்றர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 12.6 சென்ரிமீற்றர், 5 என்றால் 15.7. ஆனால் நடுவில் பள்ளம் உள்ள சில்லுகளில் வெளி விளிம்பை அளந்தால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் தண்டவாளம் தொடுவது உள்ளே. சில்லின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒரு முழுச் சுற்று உருட்டி, வண்டி நகர்ந்த தூரத்தை அளந்து கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தூரமும் டேப் துண்டுகளின் இடைவெளியும் ஒன்றாக இருந்தால் சில்லு அகப்பட்டது. அப்புறம் இடறும் கணத்தில் எந்த நம்பர் சில்லின் எந்தப் பக்கம் கீழே இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்ப்பதுதான் மிச்சம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல சில்லைத் திருகிக் கெடுத்தபின் எது முதல் பழுது, எது நாம் செய்த பழுது என்று பிரிக்கவே முடியாது.

எதால் துடைப்பது? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தண்டவாளத்தை வேலை தொடங்குமுன் தினமும், தும்பு விடாத உலர்ந்த துணியால். பழைய ரீசேட் துணி நல்லது, துவாய் வேண்டாம். குவில்டின் நடுவில் வைக்கும் பஞ்சிலிருந்து எந்நேரமும் தும்பு பறக்கிறது. மேலே மின்விசிறி சுற்றினால் அது நேரே தண்டவாளத்தில் வந்து படியும். சில்லு அதை மிதித்து மிதித்துத் தட்டையான கறுப்புப் படையாக்கிவிடும். விரல் நகத்தால் சில்லைச் சுரண்டிப் பாருங்கள், மெழுகு மாதிரி உரிந்து வரும்.

கிழமைக்கு ஒருமுறை ஐசோபுரோபைல் அல்ககோல் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சில்லின் உருளும் முகத்தையும் துடையுங்கள். மின்னணுச் சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை இதற்குப் பாவிக்காதீர்கள். சில தயாரிப்புகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். கையில் பூச நல்லது, தண்டவாளத்தில் அது பிசுக்காக நின்று இன்னும் தும்பைப் பிடிக்கும். போத்தலின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

சில்லுக்கும் அச்சுக்கும் இடையில் நூல் சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெட்டிப் போட்ட நூல் துண்டு ஒன்று போதும். உருள உருளச் சுற்றி, பெயாரிங்கின் வாய்க்குள் புகுந்து இறுகிவிடும். சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை போலத்தான் தெரியும், ஆனால் தள்ளப் பாரமாக இருக்கும். தையல் பிரிக்கும் கத்தியால் மெதுவாக அறுத்து, இடுக்கியால் இழுத்தெடுங்கள். கத்தியின் நுனி பெயாரிங்கின் ரப்பர் மூடியில் படக்கூடாது.

நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது: பல்லி. அதன் எச்சம் தண்டவாளத்தில் காய்ந்தால் சிறு கல் போல நிற்கும். 'போன கிழமை நன்றாக ஓடியது, இன்று ஒரே இடத்தில் குதிக்கிறது' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள், கத்தியால் சுரண்டவேண்டாம். அலுமினியத் தண்டவாளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அது நிரந்தரம்.

சில்லுக்கு எண்ணெய் விடலாமா?

வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். இந்தச் சில்லுகளில் பெரும்பாலும் மூடிய பெயாரிங். தேவையான கிரீஸ் உள்ளேயே அடைத்து வரும். வெளியிலிருந்து விடும் எண்ணெய் தும்பைத்தான் பிடிக்கும். துருப் போக்கும் ஸ்பிரே அடித்தால் அது உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடும், அப்புறம் கரகரக்கும். எண்ணெய் விடச் சொல்லிக் கையேட்டில் குறித்த இடங்களுக்கு, முக்கியமாகக் கீழே சுழலும் ஹூக்குக்கு, கையேடு சொல்கிறபடி விடுங்கள்.

கையை எடுத்தால் மெஷின் தானாக ஒரு பக்கம் நகர்கிறது. சில்லைச் சரிசெய்ய வேண்டுமா?

சில்லுக்கு வேலை இல்லை. மேசை மட்டமாக இல்லை, அல்லது மின்சார வயர் இழுக்கிறது. வயரைத் தளர்த்திவிட்டுப் பாருங்கள், பல பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் ரசமட்டம் எடுங்கள். கொழும்பின் பழைய வீடுகளில் கழுவிய தண்ணீர் வெளியே ஓடவேண்டும் என்று தரையை வாசல் பக்கம் சற்றுச் சாய்த்தே போட்டிருப்பார்கள். புதுத் தொடர்மாடிகளில் டைல் பதித்த தரையும் மூலைக்கு மூலை மாறும். பத்து, பன்னிரண்டு அடி நீளமான சட்டத்துக்கு அந்தச் சின்ன வித்தியாசம் போதும். மேசைக் கால்களின் அடியில் உள்ள திருகுகளால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கால் எதுவும் இரண்டு டைல் சேரும் இடத்தில் நிற்கக்கூடாது.

ரசமட்டத்தைத் தண்டவாளத்தின் நீளத்துக்கு வைத்தும், இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நேரான பலகை போட்டு அதன் மேல் வைத்தும் பாருங்கள். இரண்டு முனையும் மட்டமாக இருந்து நடு மட்டும் தொய்வதும் உண்டு. அதைப் பிடிக்க மேசன்மார் செய்கிற மாதிரி முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்ப்பதை விட நல்ல வழி இல்லை. நடுக்காலைச் சிறிது உயர்த்தினால் சரியாகும். மெஷின் தலை மேலே இருக்கும்போதே மட்டம் பாருங்கள். அதன் பாரத்தில்தான் சட்டம் வேலை செய்யப்போகிறது.

மட்டத்தைச் சரிசெய்தபின் ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். கால்கள் சற்று அமர்ந்திருக்கும்.

நான்கு சில்லும் தண்டவாளத்தைத் தொடுகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

நாலு கால் ஸ்டூல் ஒன்று தரையில் ஆடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால் எப்போதும் அமரும், நாலாவதுதான் சிக்கல். மெஷின் தலையும் அப்படியே. மூலைக்கு மூலை, அதாவது முன் இடம் பின் வலம் என்று மாற்றி மாற்றி உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். ஆட்டமோ 'டக்' என்ற சத்தமோ இருந்தால் ஒன்று தொங்குகிறது.

எது என்று கண்டுபிடிக்க, தலையை இன்னொருவர் மெல்லத் தள்ள, நீங்கள் ஒவ்வொரு சில்லின் பக்கவாட்டிலும் விரல் வைத்து நிறுத்தப் பாருங்கள். பாரம் தாங்கும் சில்லை விரலால் நிறுத்த முடியாது. நிறுத்த முடிகிற சில்லுதான் காற்றில் இருக்கிறது. விரலைப் பக்கவாட்டில் மட்டும் வையுங்கள். சில்லும் தண்டவாளமும் சேரும் வாயில் போனால் நசுங்கும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் இந்த வேலையைத் தள்ளிவையுங்கள்.

கடைச் சீட்டு மாதிரி மெல்லிய தாளை விரலகலத்துக்கு வெட்டி, தண்டவாளத்தில் வைத்து, சில்லை அதன் மேல் ஏற்றி இழுத்தும் பார்க்கலாம். தொங்குகிற சில்லின் கீழ் தாள் வழுக்கிக்கொண்டு வரும்.

இதே சோதனையை நடுவில், இடது முனையில், வலது முனையில் என்று மூன்று இடத்திலும் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சில்லு தொங்கினால் அந்தச் சில்லைச் சரிசெய்யலாம். ஒரு முனையில் மட்டும் தொங்கினால் தண்டவாளம் முறுகியிருக்கிறது. மேலே சொன்ன மட்டம் பார்க்கும் வேலைக்குத் திரும்புங்கள்.

சரி, தொங்கும் சில்லைக் கண்டுபிடித்துவிட்டேன். எப்படி இறக்குவது?

அனேக மெஷின்களில் சில சில்லுகளின் அச்சுப் போல்ட் நடு மையத்தில் இருக்காது, சற்று விலகியிருக்கும். எக்சென்ட்ரிக் போல்ட் என்பார்கள். அதைத் திருப்பினால் சில்லு மில்லிமீற்றரின் ஒரு பங்கு அளவுக்கு ஏறும் அல்லது இறங்கும். எந்தச் சில்லு அப்படிப்பட்டது என்பதை உங்கள் கையேட்டில் பாருங்கள். நான்கும் அப்படி இருப்பது எல்லா மெஷினிலும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கியபின், முதலில் போல்ட்டின் தலையிலும் அதன் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிழைத்துப்போனால் திரும்பி வர இந்தக் கோடுதான் வழி. போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்றவேண்டாம். இனி அலன் கீயால் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். மணிக்கூட்டின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவு போதும். ஒவ்வொரு தடவையும் தாளை இழுத்துப் பாருங்கள். தாள் மற்றச் சில்லுகளில் இறுகுகிற அளவுக்கு இதிலும் இறுகினால் நிறுத்துங்கள்.

எல்லாரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். நட்டை இறுக்கும்போது போல்ட்டும் கூடவே சுழன்று, நீங்கள் பிடித்த அளவு போய்விடும். ஒரு கையால் அலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனரைத் திருப்புங்கள். இறுக்கியபின் தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இறுக்குமுன் சரியாக இருந்தது கணக்கில்லை.

அளவுக்கு மீறி இறக்கினால் பக்கத்துச் சில்லு தூக்கிக்கொள்ளும், பிறகு அதை இறக்கப் போவீர்கள், முடிவே இல்லை. தண்டவாளத்தை அடியிலிருந்தும் பிடிக்கிற சில்லுகளில் இறுக்கம் கூடினால் மெஷின் பாரமாகும், பெயாரிங் சீக்கிரம் போகும். அடிச் சில்லு ஆட்டமில்லாமல் தொட்டால் போதும், நெரிக்கவேண்டாம்.

கடைசியாக ஒரு பழைய துணியைப் பூட்டி, ஓர் உள்ளங்கை அகலத்தில் வட்டமும் எட்டும் தைத்துப் பாருங்கள். வளைவிலும் சாய்கோட்டிலும் முன்பு கோடு படி படியாக நெளிந்து வந்தது மறைந்திருந்தால் சரி.

என் மெஷினில் அப்படிப் போல்ட்டே இல்லை.

அப்படியான மாடல்களில் உயரம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. மட்டம், சுத்தம், தேய்ந்த சில்லை மாற்றுவது ஆகிய மூன்றுதான் உங்கள் கையில். தகரத் துண்டு வைத்து உயர்த்த யாராவது முன்வந்தால் விடவேண்டாம்.

தையலின் நீளம் ஒரு சீராக இல்லை. இதுவும் சில்லா?

இதுவும் ஒரு சில்லுதான், ஆனால் வேறு சில்லு. தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் உள்ள மெஷின்களில் பாரம் தாங்காத இரண்டு சின்னச் சில்லுகள், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒன்றாக, தண்டவாளத்தைத் தொட்டபடி உருண்டு தூரத்தை எண்ணும். என்கோடர் என்பது அவற்றைத்தான். மெஷின் எவ்வளவு வேகமாகப் போகிறதென்று மோட்டருக்குச் சொல்வது அவை. என்கோடர் வழுக்கினால் மெஷின் குறைவாகத்தான் நகர்ந்தது என்று ரெகுலேட்டர் நினைக்கும். ஊசி குறைவாக இறங்கும், தையல் நீளும்.

இடம் வலமாக ஒரு கோடு, முன் பின்னாக ஒரு கோடு தைத்து, இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். பத்து என்று வைத்திருந்தால் இரண்டிலும் பத்தையொட்டி வரவேண்டும். இடம் வலத்தில் மட்டும் குறைந்தால் வண்டியின் என்கோடர், முன் பின்னில் குறைந்தால் தலையின் என்கோடர். முதலில் தும்பை எடுங்கள். அது தண்டவாளத்தில் அழுத்தி நிற்கிறதா, ஸ்பிரிங் பிடிக்கிறதா என்று பாருங்கள். சில என்கோடர்களில் ரப்பர் வளையம் இருக்கும். நம் வெக்கையில் அது காலப்போக்கில் வெடிக்கும் அல்லது பிசுபிசுக்கும். அந்த வளையத்தைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது, மாற்றவேண்டியதுதான்.

தண்டவாளத்தில் எண்ணெய்ப் பூச்சு இருக்கக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஒரு சில்லு தட்டையாகிவிட்டது. அதை மட்டும் மாற்றலாமா?

பிளாஸ்டிக், நைலோன் சில்லுகள் ஒரே இடத்தில் நீண்ட நாள் பாரத்தோடு நின்றால் கீழ்ப்பக்கம் தட்டையாகும். இலேசான தட்டை சில நாள் ஓட்டத்தில் தானாக மறையலாம். மறையாவிட்டால் அந்த அடுக்கின் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். புதுச் சில்லு தேய்ந்த சில்லுகளை விட மயிரிழை பெரிதாக இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் அது தலையைத் தூக்கி, பக்கத்தில் இன்னொன்றைத் தொங்கவிடும். கழற்றிய நல்ல மூன்றையும் எறியாமல் வைத்திருங்கள்.

மாற்றும்போது தலையைத் தனியாளாகத் தூக்காதீர்கள். இரண்டு பேர் பிடித்து, அடியில் மரக்கட்டை வைத்து, ஒவ்வொரு சில்லாக.

இந்த மெஷின் விற்கும் கம்மில், ஏபிகியூஎஸ், ஹேண்டி குவில்டர் எல்லாம் அமெரிக்க நிறுவனங்கள், பேர்னினா சுவிஸ் நிறுவனம். உதிரிப்பாகம் கடல் கடந்துதான் வரவேண்டும், சுங்கமும் இருக்கிறது. அவசரத்தில் தேடாமல், மெஷினோடு சேர்த்தே ஒரு செட் சில்லு வாங்கி அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

பெயாரிங் மட்டும் போயிருந்தால் இங்கே கிடைக்குமா?

கழற்றக்கூடிய பெயாரிங் என்றால் கிடைக்கும். வாகன உதிரிப்பாகத்துக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தைக்குப் பழைய பெயாரிங்கைக் கையோடு கொண்டுபோங்கள். பக்கவாட்டில் நம்பர் பொறித்திருக்கும். உதாரணமாக 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். நம்பருக்குப் பின்னால் ZZ என்றிருந்தால் தகர மூடி, 2RS என்றிருந்தால் ரப்பர் மூடி. தும்பு பறக்கிற நம் வேலைக்கு ரப்பர் மூடிதான். கடையில் வைத்தே விரலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் வேறு கேளுங்கள், விலை குறைகிறதே என்று வாங்கவேண்டாம். புதியதைப் பூட்டும்போது வெளி வளையத்தை அழுத்தித்தான் சில்லுக்குள் இறக்கவேண்டும். உள்வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து பூட்டிய அன்றே பழுதாகிவிடும்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். துருவை எப்படித் தடுப்பது?

மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் வரும், உப்போடு. மெஷின் இருக்கும் அறையில் கடல் பக்க யன்னலை அந்த மாதங்களில் மூடியே வையுங்கள். இரவில் பொலித்தீன் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளே அடைபடும். பருத்திப் படங்குத் துணி போடுங்கள். அலுமினியத் தண்டவாளம் தாங்கும். உருக்குத் தண்டவாளமும் அச்சுப் போல்ட்டுகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். புள்ளித் துரு கண்டால் பாத்திரம் துலக்கும் பச்சைத் தேய்ப்பானில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அந்த இடத்தை மட்டும் தேய்த்து, உடனே அல்ககோலால் எண்ணெய் முழுவதையும் எடுத்துவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம்.

குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் செங்கோணமாக வருவதில்லை.

வண்டி தண்டவாளத்துக்குக் கோணலாக நிற்கிறது. ஒரு அடுக்கைப் பூட்டி ஒரு கோடு, மற்றதைப் பூட்டி மற்றக் கோடு தையுங்கள். சந்திக்கும் இடத்திலிருந்து ஒன்றில் 30 சென்ரிமீற்றர், மற்றதில் 40 அளந்து குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடையே அளவுநாடா பிடியுங்கள். 50 வரவேண்டும். வராவிட்டால் மேசைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பாருங்கள். அனேகமாகப் பிழை அங்கேதான் இருக்கும்.

கார்மென்ட் மெக்கானிக்கைக் கூப்பிடலாமா?

தாராளமாக. கொழும்பில் கைதேர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஹூக் டைமிங், நூல் இறுக்கம், ஊசித்தண்டு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் தொழிற்சாலை மெஷின் மேசையில் பூட்டி நிற்பது, உருளாது. சில்லும் தண்டவாளமும் அவர்கள் அன்றாடம் பார்க்கிற வேலை அல்ல. டேப் ஒட்டிய இடங்களையும் சில்லு நம்பர்களையும் காட்டி, எது தொங்குகிறது என்று நீங்களே சொல்லுங்கள். அவருடைய கைப்பழக்கத்துக்கு மிச்சம் கஷ்டமில்லை.

இரண்டு மாதம் ஊருக்குப் போகிறோம். மெஷினை எப்படி விட்டுவிட்டுப் போவது?

தண்டவாளத்தை அல்ககோலால் வடிவாகத் துடைத்து, துணியை உருளையிலிருந்து கழற்றி, பிளக்கைப் பிடுங்குங்கள். முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து தலையை மரக்கட்டையில் ஏற்றி, சில்லுகள் பாரமில்லாமல் நிற்கும்படி வையுங்கள். அது முடியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் கிழமைக்கு ஒருமுறை வந்து தலையை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் தண்டவாளத்தைத் துடைக்காமல் ஒரு அங்குலம்கூட ஓட்டாதீர்கள்.